ஒரே பெட்டியா, இரண்டு பெட்டியா? உப்புக்காற்றில் சிடி கேட்பவனின் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கலங்கரை விளக்கத்திலிருந்து என் வீடு நடந்துபோகும் தூரம். ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறோம். அடுத்த ஆடி வருவதற்குள் மறுபடி துரு. சைக்கிள் செயின், கேட் கொண்டி, ஃபேன் திருகு என்று எதையும் விடாத காற்று இது. இப்படிப்பட்ட இடத்தில் விலை உயர்ந்த சிடி பிளேயர் வாங்கலாமா? ஒருமுறை வாங்கி, எட்டு வருடம் ஆசைதீரக் கேட்டு, கடைசியில் கைகழுவியவன் நான். அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒப்பிடப்போவது இரண்டை. ஒன்று, குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடு கட்டியிருக்கும் அண்ணன் ஒருவர் வைத்திருக்கும் மராண்ட்ஸ் எஸ்ஏசிடி 30என். சிடி, எஸ்ஏசிடி (சிடியைவிட நுணுக்கமாக ஒலி பதிந்த வட்டு), இணையம் வழியாக வரும் நெட்வொர்க் பாட்டு எல்லாம் ஒரே பெட்டிக்குள். இன்னொன்று என்னுடையது: கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்சி டிரான்ஸ்போர்ட், அதோடு அதே கம்பெனியின் டாக்மேஜிக் 200எம். டிரான்ஸ்போர்ட்டின் வேலை வட்டைச் சுழற்றி எண்களைப் படித்து அனுப்புவது மட்டும்தான். அந்த எண்களை ஒலியாக்குவது டாக்கின், அதாவது இந்த டாக்மேஜிக்கின் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோஆக்சியல் வயர்.

ஃபோனிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது எதற்கு சிடி என்பவர்களிடம் வாதாட இங்கே இடமில்லை. என்னிடம் 400 சிடிக்கு மேல் இருக்கிறது. பாதி வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்தவை. அவ்வளவுதான் காரணம்.

தோற்றம், ரிமோட், வசதி இவற்றில் மராண்ட்ஸ்தான் மேலே. என் டிரான்ஸ்போர்ட் ஐந்து கிலோகூட வராது. தட்டு வெளியே வரும்போது பிளாஸ்டிக் என்பது தெரிகிறது. அண்ணனின் பெட்டி பன்னிரண்டு கிலோவுக்கு மேல். தூக்கும்போதே கொடுத்த காசு கையில் தெரியும். அவர் என் வீட்டு அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "வட்டைப் போட்டா பாட்டு வரணும் மக்கா. இதுக்கு எதுக்கு ரெண்டு பெட்டி, மூணு வயரு?"

எஸ்ஏசிடி விஷயத்திலும் போட்டியே இல்லை. 1999-ல் வந்த அந்த வடிவத்தை என் டிரான்ஸ்போர்ட் படிக்காது. இரண்டு அடுக்குள்ள ஹைபிரிட் வட்டென்றால் அதன் சிடி அடுக்கை மட்டும் படிக்கும். என்னிடம் இருப்பதே நான்கு எஸ்ஏசிடி, ஒன்றுகூடத் தமிழ் இல்லை. ஆகவே இதில் எனக்கு நஷ்டம் குறைவு. நிறைய எஸ்ஏசிடி சேர்த்து வைத்திருப்பவர் இதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு மராண்ட்ஸ் வாங்கலாம்.

ஒலி எப்படி? வாங்குவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு அண்ணன் தன் பெட்டியை முட்டத்துக்கே கொண்டுவந்தார். நண்பர் ஒருவரிடம் சிஎக்ஸ்சியும் டாக்கும் இரவல் வாங்கினேன். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, ஒலியளவையும் முடிந்தவரை சமமாக்கிக்கொண்டோம். முதலில் போட்டது ஒரு நாகஸ்வர சிடி. நாகஸ்வரம்தான் சரியான சோதனை. சுசீந்திரம் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நேரில் கேட்டுக் கேட்டு நம் காதுக்கு அது எப்படி ஒலிக்கும் என்று தெரியும், ஸ்பீக்கர் ஏமாற்ற முடியாது. மேல் ஸ்தாயியில் சீவாளியின் அந்தக் கரகரப்பு இரண்டிலும் இருந்தது. மராண்ட்ஸில் அது கொஞ்சம் வழவழப்பாக வந்தது, என்னுடையதில் கொஞ்சம் ஈரம் குறைவு. தவிலின் வலந்தலையில் விரல் கூடு விழும்போது அந்தக் 'கண்' என்ற சத்தம் என்னுடையதில் இன்னும் வெட்டென்று கேட்டதாக எனக்குப் பட்டது. அண்ணனுக்கு நேர்மாறாகப் பட்டது. என் மனைவியை உட்காரவைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டோம். மூன்றாவது தடவை, "ரெண்டும் ஒண்ணுதான், மீன் அடுப்புல கிடக்கு" என்று எழுந்து போய்விட்டார். ஆளைக் கட்டிப்போட்டுக் கேட்டால்தான் தெரியும் வித்தியாசம் என்றால் அதற்காக இரண்டு மடங்கு காசு என்னால் கொடுக்க முடியாது. வேறு ஸ்பீக்கரில் வேறு மாதிரி கேட்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, ஒலியை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. முடிவெடுத்தது பராமரிப்பை வைத்து.

சிடி பிளேயருக்குள் முதலில் சாகிற பாகம் பிக்கப், அதாவது லேசரும் லென்ஸும் சேர்ந்த கண். லென்ஸ் ஒரு உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது. வட்டில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு தலைமுடியின் அகலத்தில் முப்பது, நாற்பது தடங்கள் அடங்கும். உள்வட்டத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று, வெளிவட்டத்துக்கு வரும்போது 200 சுற்று என்று வட்டு ஓடிக்கொண்டிருக்க, மெல்லிய கம்பியில் தொங்கும் அந்த லென்ஸ் தடத்தை விடாமல் பின்தொடர வேண்டும். அதன்மேல் எங்கள் ஊர்க் காற்று தினமும் கண்ணுக்குத் தெரியாத உப்பைப் பூசுகிறது. தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் பிசுபிசுக்கிறது. ரிப்பன் கேபிள் முனை பச்சைபிடிக்கிறது. போதாததற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. ஈரம் உலர நேரமே கிடையாது.

நான் 2013-ல் வாங்கிய பழைய பிளேயர், ஒரே பெட்டி, பெயர் வேண்டாம். 2020 வாக்கில் வட்டை அடையாளம் காண நேரம் எடுக்க ஆரம்பித்தது. அப்புறம் புது வட்டைப் படிக்கும், கீறல் விழுந்ததைப் படிக்காது. 2021 ஐப்பசியில் எதைப் போட்டாலும் 'வட்டு இல்லை' என்றது. அட்டைப்பெட்டிக்குள் தெர்மோகோல் அடைத்து, பார்சலில் சென்னைக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. பிக்கப் உற்பத்தியில் இல்லையாம். இதில் எனக்கு வயிறெரிந்தது ஒரு விஷயத்தில்தான். உள்ளே இருந்த டாக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினிய முகப்பும் புத்தம்புதிதுபோல இருந்தன. ஆனால் வெளியிலிருந்து சிக்னல் கொடுக்க இன்புட் கிடையாது. உளுந்தளவு கண் போனதால் மொத்தப் பெட்டியும் போச்சு.

மராண்ட்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டும். 30என்-னில் ஆப்டிக்கல், கோஆக்சியல், யுஎஸ்பி இன்புட் எல்லாம் இருக்கிறது. நாளைக்கு அதன் கண் போனாலும் வெறும் டாக்காகவும் நெட்வொர்க் பிளேயராகவும் அது பிழைத்துக்கொள்ளும். என் பழைய பெட்டிக்கு வந்த கதி அதற்கு வராது. அண்ணன் இதைச் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு யோசித்ததில் ஒன்று தோன்றியது. அதில் வட்டைச் சுழற்றிப் படிக்கும் மெக்கானிசம் மராண்ட்ஸ் தனக்கென்றே செய்தது. நல்ல சாமான்தான், ஆனால் தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. அதைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால் பன்னிரண்டு கிலோவும் பயணம் போக வேண்டும். போன இடத்திலிருந்து வரும்வரை வீட்டில் பாட்டு இல்லை.

என் ஏற்பாட்டில் டிரான்ஸ்போர்ட் போனால் டிரான்ஸ்போர்ட் மட்டும்தான் போகும். டாக் அடுக்கிலேயே இருக்கும். டிவியின் ஆப்டிக்கல் வயரும் அதில்தான் செருகியிருக்கிறது. வீட்டில் சீரியல் வசனம் டாக்குக்குள் இருக்கும் இரண்டு ஈஎஸ்எஸ் சேபர் சிப் வழியாக வருகிறது. மாமியார் மருமகள் சண்டைக்கு இவ்வளவு துல்லியம் தேவையா என்பது வேறு கேள்வி. சிஎக்ஸ்சியின் பிக்கப் பத்து வருடம் கழித்தும் கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். கிடைக்காவிட்டால் வேறு எந்தக் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட்டையும் அதே வயரில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை என்பதால் தேய்மானம் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை. பழையதாக விற்றால் என்ன விலை போகும் என்று அண்ணனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

குலசேகரத்தில் உப்பு கிடையாதே, அங்கே ஒரே பெட்டி போதாதா என்று கேட்கலாம். அங்கே வேறு தொல்லை. ரப்பர் மரத்தடி ஈரத்தில் சிடி உறைக்குள் இருக்கும் தாளில் பூஞ்சை பிடிக்கிறது. கூடவே சாயங்கால இடிமின்னல். வானம் இருண்டாலே அண்ணன் பாதிப் பாட்டில் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். பூஞ்சையும் இடியும் இரண்டு ஏற்பாட்டுக்கும் பொது, அதனால் அங்கே அவர் தேர்வு சரியாகவே இருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதிகம் பேர் யோசிக்காதது. மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் கல்ஃப் போய் வந்தவர்கள் வீட்டுப் பரணில் தொண்ணூறுகளின் சிடி பிளேயர்கள் தூங்குகின்றன. மாமா கொண்டுவந்த ஒன்று என்னிடம் உண்டு. அதில் இருப்பது சோனியின் கேஎஸ்எஸ்-213 வகைப் பிக்கப். எத்தனையோ கம்பெனி பிளேயர்களில் போட்ட சாமான் என்பதால் மாற்றுப் பாகம் இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பின்னால் ஆப்டிக்கல் அவுட் இருந்தால் அதையே டாக்கில் மாட்டிவிடலாம்.

நானே மாற்றிப் பார்த்தேன். நான்கு திருகு, ஒரு ரிப்பன். மாட்டிவிட்டு வட்டைப் போட்டால் அசையவே இல்லை. வாங்கியது போலி என்று முடிவுகட்டி, இரண்டாவதாக ஒன்று வரவழைத்தேன். அதுவும் அசையவில்லை. கடைசியில் வடசேரியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பிக்கப்பின் அடிப்பலகையில் கடுகளவு ஈயச் சொட்டு ஒன்றைக் காட்டினார். கையில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டு லேசர் செத்துவிடாமல் இருக்க, கம்பெனியிலேயே இரண்டு முனையை ஒட்டி அனுப்புவார்களாம். மாட்டிய பிறகு அதைப் பற்றவைப்புக் கோலால் எடுத்துவிட வேண்டும். எடுத்தார், ஓடியது. காசு வாங்கவில்லை. "பிக்கப்புல இருக்க குட்டித் திருகை மட்டும் தொட்டுராதீரும்" என்றார். அதைத் திருகி லேசரின் பவரைக் கூட்டினால் பத்து நாள் நன்றாகப் பாடிவிட்டுச் செத்துவிடுமாம்.

முதலில் போலி என்று ஒதுக்கிய பிக்கப்பை, ஈயச் சொட்டோடேயே, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் இறுக மூடி வைத்திருக்கிறேன். டாக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அண்ணன் வரும்போதெல்லாம் அதை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.