சீஸ் துருவ வருபவரிடம் முதலில் விலையைக் கேளுங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் இத்தாலியன் ரெஸ்டாரண்டில் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும். செங்கல் சுவர், தொங்கும் மஞ்சள் பல்பு, கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து என்று இப்போது நம்ம ஊரிலும் இந்த மாதிரி இடங்கள் வர ஆரம்பித்துவிட்டன. போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாய் திறந்து கேட்ட சாப்பாடு 2,440 ரூபாய். கட்டிய பில் 3,996. மிச்சம் 1,556 எங்கிருந்து முளைத்தது என்பதுதான் விஷயம்.

அக்காவும் அத்தானும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். கூட அம்மா. அம்மா சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டாள். அதை உட்கார்ந்ததுமே சர்வரிடம் சொல்லிவிட்டோம். பையன் பணிவாகத்தான் தலையாட்டினான்.

முதலில் தண்ணீர். "ரெகுலர் வாட்டரா, ஸ்டில் வாட்டரா சார்?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் இரண்டு கண்ணாடி பாட்டில்கள் மூடி திறந்த நிலையில் மேசைக்கு வந்துவிட்டன. ஒன்று 190 ரூபாய் என்பது பில்லில்தான் தெரிந்தது. தாமிரபரணிக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 380 ரூபாய்க்குத் தண்ணீர் குடித்தோம். எம்ஆர்பியை வைத்து இதில் மல்லுக்கட்ட முடியாது. ஹோட்டல்கள் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே "சாதாத் தண்ணி போதும் தம்பி" என்று சொல்லிவிடுவதுதான் வழி.

அம்மாவுக்கு பென்னே அராபியாட்டா என்கிற பாஸ்தா சொன்னோம். தக்காளி, பூண்டு, மிளகாய் வற்றல், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். யோசித்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். இனிப்புக்கு பன்னா கோட்டா எடுக்கலாமா என்று அக்கா கேட்டாள். அது க்ரீமைக் காய்ச்சி உறைய வைப்பது. இத்தாலியில் வழக்கமாக ஜெலட்டின் போட்டுத்தான் உறைய வைப்பார்கள். இங்கே என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். உள்ளே போய்விட்டு வந்து, "ஜெலட்டின்தான் சார், ஆனா வெஜ் ஜெலட்டின்" என்றான். ஜெலட்டின் என்றாலே மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது. அதில் சைவம் ஏது? நோன்புக் காலத்தில் மேலப்பாளையத்து நண்பர் வீட்டிலிருந்து கடற்பாசி வரும், அதை அம்மா ஆசையாகச் சாப்பிடுவாள். உறைய வைக்க அந்தக் கடற்பாசியைப் போட்டிருந்தால் சைவம் என்று சொல்லலாம். எதற்கு வம்பு என்று வெனிலா ஜெலாட்டோ சொல்லிவிட்டோம், அதையும் முட்டை இல்லை என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்த பிறகு.

இப்போது சீஸுக்கு வருகிறேன். தட்டுகள் வந்து வைத்த கையோடு, சின்னத் துருவியும் ஒரு சீஸ் கட்டியுமாக இன்னொருவன் வந்தான். "ஃப்ரெஷ் பார்மிஜானோ போடவா சார்?" சிரித்த முகம். கடை உபசாரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அத்தான் "போடுங்க" என்றார். ஒரு தட்டு முடிந்ததும் அடுத்த தட்டு, அதற்கடுத்தது என்று அவன் பாட்டுக்குச் சுற்றி வந்து, அம்மா கையை நீட்டுவதற்குள் அவள் தட்டிலும் தூவிவிட்டான். "என்னல இது, கேக்காமலே போட்டுட்டான்?" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

எனக்குப் பகீரென்றது. காரணம் இதுதான்: இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவம் கிடையாது. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொதேனா வட்டாரத்துப் பால், உப்பு, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட், இந்த மூன்றும்தான் அதில் சேரும். குறைந்தது 12 மாதம் வைத்துப் பழுக்க விட்டால்தான் அந்தப் பெயரையே போடலாம். பாலைத் திரிய வைக்கும் அந்த ரென்னெட்டை மாற்ற அவர்கள் விதி இடம் தராது. பனீர் சாப்பிடுகிறோமே, சீஸும் பால்தானே என்று நினைக்கிற சைவக் குடும்பங்கள் நம்ம பக்கம் நிறைய. அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சர்வரிடம் கேட்டால், "சீஸ்தானே சார், பால்லதான் செய்றது" என்றான். அம்மா அதற்குமேல் கரண்டியைத் தொடவில்லை.

பில் வந்தது. "இம்போர்ட்டட் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, 4 x 160 = 640" என்று ஒரு வரி. மெனு கார்டை மறுபடி வாங்கி முன்னும் பின்னும் புரட்டினேன். அப்படி ஓர் அயிட்டமே அதில் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, அந்தக் கட்டி வந்த உறையைக் காட்டச் சொன்னேன். அத்தான், "விடு மாப்ள, அறுநூறு ரூவாதான" என்றார். அவர் சுபாவம் அப்படி. எனக்கு ரூபாயைவிட அம்மா என்ன சாப்பிட்டாள் என்று தெரிய வேண்டியிருந்தது.

ரொம்ப நேரம் கழித்துக் கசங்கிய ஓர் உறையைக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலேயே செய்தது. பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "ஸ்டைல்" என்று இருந்தது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. நுண்ணுயிர் ரென்னெட் என்றும் போட்டிருந்தது. அம்மா முகம் அப்போதுதான் தெளிந்தது. எனக்கு நிம்மதியும் கோபமும் சேர்ந்து வந்தன. சைவம் என்றால் அது பார்மிஜானோ இல்லை. பார்மிஜானோ என்றால் அது சைவம் இல்லை. வாயால் சைவம் என்றும் பில்லில் அசல் இத்தாலி என்றும் சொல்ல முடியாது. மேனேஜர், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் ஃபீட் பண்ணிருக்கு" என்றார்.

அடுத்த வரி சர்வீஸ் சார்ஜ், 10 சதவீதம், 346 ரூபாய். அதையும் சேர்த்த தொகைக்கு மேல்தான் 5 சதவீதம் ஜிஎஸ்டி. இது தப்பு. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, அதன்மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது. ஹோட்டல்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று சொல்லிவிட்டது. அதைச் சொன்னால், "பில் போட்டாச்சு, எடுக்க முடியாது சார்" என்ற அதே பல்லவி. அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே சத்தம் போட மனமில்லை. முழுத் தொகையையும் கட்டிவிட்டு, பில்லையும் சீஸ் உறையையும் மெனு கார்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும், பீட்சா நன்றாகவே இருந்தது. அடிப்பக்கம் அங்கங்கே கருகி, ஓரம் உப்பி, தக்காளி புளிப்பு மாறாமல் இருந்தது. ரிசோட்டோதான் குழைந்துபோன வெண்பொங்கல். சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிற கடையில் இந்தச் சில்லறை வேலை எதற்கு என்றுதான் புரியவில்லை.

மறுநாள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். உணவு விஷயமாகப் புகார் எழுதும்போது அந்த எண் இருந்தால் எந்தக் கடை என்று தேட வேண்டியதில்லை. சீஸ் சங்கதியைத் தனியாக எழுதி, படங்களோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமே கிடையாது.

1915-இல் பதிந்த பிறகு மேனேஜரே போன் செய்தார். சர்வீஸ் சார்ஜும் அதன்மேல் போட்ட வரியுமாக 363 ரூபாய் ஜிபேயில் திரும்பி வந்தது. சீஸுக்கான 640-ஐக் கேட்டால், "அதான் சாப்பிட்டுட்டீங்களே சார்" என்கிறார். நியமன அலுவலர் அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. வந்ததும் எழுதுகிறேன்.