ஜானி வாரனின் தன்வரலாறு: வசைச்சொற்களைத் தலைப்பாக ஏற்ற நூல்

ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் முன்னாள் தலைவர் ஜானி வாரன், ஆண்டி ஹார்ப்பர், ஜோஷ் விட்டிங்டன் ஆகியோருடன் இணைந்து எழுதி 2002-இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘ஷீலாஸ், வாக்ஸ் அண்ட் பூஃப்டர்ஸ்’. மூன்றும் வசைச்சொற்கள்: முதலாவது பெண்களையும், இரண்டாவது தெற்கு ஐரோப்பா போன்ற பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்களையும், மூன்றாவது தன்பாலீர்ப்புள்ள ஆண்களையும் இழிவாகக் குறிப்பது. ரக்பியும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துமே ஆண்மையின் அடையாளம் என்று கருதப்பட்ட ஒரு நாட்டில், சாக்கர் (நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம்) ஆடியவர்கள்மீது வீசப்பட்ட இந்தச் சொற்களை வாரன் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார். தலைப்பைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்து உள்ளே செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அவமதிப்பை எதிர்த்து ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் வழக்காடிய கதை உள்ளே இருக்கிறது.

வாரன் குடியேறியவர் குடும்பத்துப் பிள்ளை அல்லர் என்பதை வாசகர் மறக்கக் கூடாது. சிட்னியில் 1943-இல் பிறந்து பாட்டனி பகுதியில் வளர்ந்த அவர், ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்ட் கிளப்பில் சேர்ந்து, பிறகு அதன் முகமாகவே ஆனார். அந்நியர் என்று ஊர் ஒதுக்கியவர்களிடம் தான் கண்ட பந்தாட்ட அறிவை நாடு ஏன் வேண்டாமென்று தள்ளுகிறது என்ற கேள்வி அவரை விடவே இல்லை. நூலுக்கு உயிர் கொடுப்பதும் அந்த ஆதங்கம்தான்.

ஆட்டக்காரராக அவர் கண்டவற்றுக்கும் குறைவில்லை. வடகொரியாவிடம் கம்போடியாவின் புனோம்பென்னில் 1965-இல் தோற்ற உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று, போர் நடந்துகொண்டிருந்த வியட்நாமின் சைகோனில் 1967-இல் அவர் தலைமையில் தென்கொரியாவை 3-2 என்று வென்று பெற்ற கோப்பை என ஒவ்வொன்றும் தனிக் கதை. எனக்கு மறக்க முடியாமல் போனது 1969-இல் மொசாம்பிக்கில் நடந்ததுதான். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ரொடீசியாவுடன் (இன்றைய ஜிம்பாப்வே) இரண்டு ஆட்டங்களும் சமனில் முடிந்திருக்க, மூன்றாவதற்கு முன் ஆஸ்திரேலிய வீரர்கள் ஒரு மந்திரவாதியை நாடுகிறார்கள்; அவர் கோல் கம்பங்களுக்கு அருகே எலும்புகளைப் புதைத்து எதிரணிக்குச் சாபமிடுகிறார். ஆட்டத்தை 3-1 என்று வென்ற பின் அவர் ஆயிரம் பவுண்டு கேட்கிறார். கையில் அவ்வளவு பணம் இல்லாமல் அணி ஊரை விட்டுக் கிளம்ப, சாபம் ஆஸ்திரேலியா பக்கம் திரும்புகிறது. அடுத்த சுற்றில் இஸ்ரேலிடம் தோல்வி. 1974 உலகக் கோப்பைக்கு நாடு முதன்முறையாகத் தகுதி பெற்றபோது, அணித்தலைமை பீட்டர் வில்சனிடம் சென்றிருந்தது; ஹாம்பர்க்கில் கிழக்கு ஜெர்மனிக்கு எதிராக ஆடிய வாரன், காலில் பட்ட காயத்தால் எஞ்சிய இரண்டு ஆட்டங்களிலும் வெளியே உட்கார நேர்ந்தது.

இதோடு நின்றிருந்தால் இது இன்னொரு வீரரின் நினைவுக் குறிப்பாகவே இருந்திருக்கும். ஓய்வுக்குப் பிறகு, ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த லெஸ் மரேயுடன் சேர்ந்து பன்மொழி ஒளிபரப்பு நிறுவனமான எஸ்பிஎஸ்ஸின் தொலைக்காட்சியில் ஆட்டத்தை விளக்கிச் சொல்லும் குரலாக அவர் மாறியதுதான் அவருடைய இரண்டாவது, பெரிய வாழ்க்கை என்பேன். மெல்பர்னில் 1997 நவம்பரில் ஈரானுக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்றிருந்த ஆஸ்திரேலியா கடைசி இருபது நிமிடங்களுக்குள் இரண்டு கோல்கள் வாங்கி, எதிரணி மண்ணில் அடித்த கோல்களுக்கு முன்னுரிமை தரும் விதியால் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்த இரவில், நேரலையில் அவரால் அழுகையை அடக்க முடியவில்லை. அந்தக் கண்ணீரைப் புரிந்துகொள்ள இந்த நூலைவிட நல்ல துணை கிடையாது.

குறை ஒன்று உண்டு. கிளப்புகள், சங்கங்கள், நிர்வாகச் சண்டைகள் பற்றி வரும் பெயர்கள் அந்நாட்டுக் கால்பந்தை முன்பே அறியாதவர்களுக்கு அயர்ச்சி தரும்; நானும் இரண்டொரு இடங்களில் முன்பக்கம் திரும்பிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. தலைப்பின் கீழே ‘ஒரு முழுமையற்ற வரலாறு’ என்ற பொருளில் நூலாசிரியர்களே குறித்திருப்பதால், கதை பாதியில் நிற்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் உருகுவேயிடம் 2001-இல் தோற்ற காயம் ஆறுவதற்கு முன் வெளிவந்த நூல் இது. வாரன் 2004 நவம்பரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். நியூ சவுத் வேல்ஸ் அரசு மரியாதையுடன் அவரை வழியனுப்பியது. ஓராண்டு கழித்து, 2005 நவம்பர் 16 அன்று சிட்னியில், அதே உருகுவேக்கு எதிராக ஆஸ்திரேலிய வீரர் ஜான் அலோய்சி அடித்த பெனால்டி உலகக் கோப்பைக்கான 32 ஆண்டுக் காத்திருப்பை முடித்தது.

எனவே, வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை இது: விளையாட்டுச் செய்தியாக மட்டும் கால்பந்தைப் பார்ப்பவர்கள் மொசாம்பிக், சைகோன் பகுதிகளிலிருந்து தொடங்கலாம்; குடியேற்றம், மொழி, அடையாளம் குறித்து அக்கறை உள்ளவர்கள் முதல் பக்கத்திலிருந்தே வரிசையாகப் படிக்க வேண்டும். தன்னை எதிர்காலம் எப்படி நினைவுகொள்ள வேண்டும் என்று கேட்டபோது ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்று வாரன் பதில் சொன்னார். அலோய்சியின் பந்து வலைக்குள் போனதைப் பார்த்துவிட்டு நூலின் கடைசிப் பக்கங்களுக்குத் திரும்பியவன் நான். கடைசிப் பக்கங்களை நீங்களும் அந்த வரிசையிலேயே படியுங்கள்.