'இது என் வேலை இல்லை' என்று மறுப்பதா, செய்துகொண்டே எழுதிக் கேட்பதா?

கணக்கு எழுத எடுத்த ஆளைத் தீபாவளி நேரத்தில் துணிக்கடை கவுன்ட்டரில் நிற்கச் சொல்கிறார்கள். முடியாது என்று மறுக்கலாம், அல்லது நின்றுகொண்டே எழுத்தில் கேட்கலாம். வாய் திறக்காமல் செய்வதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, நாளைக்கு அதுவே உங்கள் வேலை ஆகிவிடும்.

மறுப்பதில் சிக்கல் இதுதான்: "நிர்வாகம் அவ்வப்போது தரும் பிற பணிகளும்" என்ற வரி பெரும்பாலான நியமனக் கடிதங்களில் இருக்கிறது. மேலதிகாரியின் சட்டபூர்வமான, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறினால் அது மாதிரி நிலையாணைகளின்படி (பணியிட நடத்தைக்கு அரசு வகுத்த மாதிரி விதிகள்) ஒழுங்கீனம். அப்புறம் பேச்சு அந்த வேலையைப் பற்றி இருக்காது, உங்கள் நடத்தையைப் பற்றித்தான் இருக்கும், மெமோவுக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டியது நீங்கள்தான்.

உத்தரவே தப்பு என்றால் கதை வேறு. பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கச் சொல்வது கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதையும் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடுவதையும் யோசிக்காமல் மறுங்கள். முதலாளி வீட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதையும் மரியாதையாக மறுக்கலாம்.

மற்றதுக்கெல்லாம் எழுதிக் கேட்பதே பலம். "நீங்கள் சொன்னபடி இன்று முதல் கவுன்ட்டரில் நிற்கிறேன், இது எத்தனை நாளைக்கு, கணக்கு வேலையை யார் பார்ப்பது, கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் எப்படி?" என்று ஒரு மின்னஞ்சல், இல்லையென்றால் வாட்ஸ்அப். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் போனால் இரட்டிப்புச் சம்பளம். 2021 திருத்தத்துக்குப் பிறகு கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கையும் தந்தாக வேண்டும்.

தற்காலிகம் என்று சொன்னது நிரந்தரமாகி, வேலை நேரமோ ஷிப்டோ சம்பளமோ மாறினால் நிர்வாகம் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் இது 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகிறவருக்கு மட்டும். மேலாளர் வரமாட்டார், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் வரமாட்டார். 'மேனேஜர்' என்று பட்டம் மட்டும் கொடுத்துவிட்டால் இதிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்கும் நிர்வாகங்கள் உண்டு. நீதிமன்றம் பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான், அதைக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த மின்னஞ்சல்கள்தான். அதனால் வாய்மொழியாக வந்த ஒவ்வொரு உத்தரவையும் தேதி போட்டு அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.