அமெரிக்க விமானம் ஏற: புது டெஸ்டா, குணமான கடிதமா?

2021 ஜனவரி 26 முதல் 2022 ஜூன் 12 வரை, அமெரிக்காவுக்குப் பறந்தவர்களிடம் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி இரண்டில் ஒன்றைக் கேட்டது: நெகட்டிவ் ரிசல்ட், அல்லது கொரோனா வந்து குணமானதற்கு ஆதாரம், அதாவது பாசிட்டிவ் ரிப்போர்ட்டும் டாக்டரின் கடிதமும்.

டெஸ்ட் சுலபம்தான். ஆனால் குணமானவருக்கும் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் லேப் டெஸ்ட்) மூன்று மாதம் வரை பாசிட்டிவ் காட்டலாம். 2021 டிசம்பர் 6 முதல், புறப்படுவதற்கு ஒரு நாளுக்குள் எடுத்த டெஸ்ட் வேண்டும் என்றார்கள். அதில் பாசிட்டிவ் வந்து, குணமான ஆதாரமும் இல்லையென்றால் பயணம் போச்சு. நல்லவேளை, வைரஸின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் டெஸ்டும் செல்லுபடியானது; குணமானவருக்கு அது பிசிஆர் போல நீண்ட நாள் பாசிட்டிவ் காட்டுவது குறைவு.

கடிதத்தில் அந்தக் கடைசி நேரப் பதற்றம் இருக்கவில்லை. சிக்கல் வீட்டிலேயே தனிமையில் இருந்தவர்களுக்குத்தான்; அவர்களிடம் ஆஸ்பத்திரிக் காகிதம் எதுவும் இருந்திருக்காது. முதலில், புறப்படுவதற்கு முந்தைய 90 நாளுக்குள் எடுத்த பாசிட்டிவ் ரிப்போர்ட் வேண்டியிருந்தது. யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் வீட்டுக் கிட்டில் தெரிந்த இரண்டு கோடுகள் எடுபடவில்லை. அப்புறம் டாக்டர் தன் பெயர், முகவரி, போன் நம்பர் உள்ள லெட்டர்ஹெட்டில் 'பயணம் செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 'தனிமையை முடித்துக்கொள்ளலாம்' என்றிருந்தாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

லேப் ரிப்போர்ட்டும், எழுதித் தர ஒரு டாக்டரும் இருந்தவருக்குக் கடிதமே மேலாக இருந்தது. வெறும் கிட்டை நம்பியவருக்கு ஆன்டிஜென் டெஸ்ட்தான் கதியாக இருந்தது.