கார் கண்ணாடிகள்: எதற்குச் செலவு செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

பின்னால் வருவதைப் பார்க்கக் காரில் மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன. நம் சாலைகளில் அவற்றுள் அதிகம் உழைப்பது இடப்பக்கக் கண்ணாடி. அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதுதான். இருசக்கர வாகனங்கள் இடப்பக்கமாகத்தான் நுழைந்து முந்துகின்றன. பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள், ஓரமாக வரும் சைக்கிள், சந்திலிருந்து திரும்பும் ஆட்டோ எல்லாமே அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு நேரடியாகப் பார்க்கக் கடினமான மூலையும் அதுவே. இருந்தும் 2009-இல் வெளிவந்த டாடா நானோவின் அடிப்படை வகையில் இடப்பக்கக் கண்ணாடியே கிடையாது. அந்தக் காலத்தில் வேறு சில சிறிய கார்களின் விலை குறைந்த வகைகளும் ஒற்றைக் கண்ணாடியோடுதான் வந்தன.

கண்ணாடி தொடர்பாக எந்த வசதியை எடைபோட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இடப்பக்கம் இதனால் கூடுதலாகத் தெரியுமா? கீழே வரும் தீர்ப்புகள் எல்லாம் அந்த அளவுகோலில் எழுந்தவை.

பழைய திருப்பமா, அகலத் திருப்பமா?

கண்ணாடியைத் திருப்பி வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் பழகிய முறையில், பக்கக் கண்ணாடியின் கால் பங்கில் நம் காரின் உடலே தெரியும். மனத்துக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் காரின் பின்புறத்தை உள்கண்ணாடியே காட்டுகிறது. அதையே மற்ற இரண்டிலும் பார்ப்பதால் பக்கவாட்டில் ஒரு பெரிய மறைவிடம் உருவாகிவிடுகிறது.

அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் பிளாட்சர் 1995-இல் வாகனப் பொறியாளர் சங்கத்தில் அளித்த ஆய்வுரை மாற்று வழியைப் பரவலாக்கியது. வலப்பக்க ஓட்டுதலுக்கு ஏற்ப அதைச் சொல்கிறேன். முதலில் இருக்கையைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு மாற்றினால் மூன்று கண்ணாடிகளும் கெடும். தலையை வலப்பக்க ஜன்னலைத் தொடும்படி சாய்த்து, நம் காரின் உடல் விளிம்பில் மெல்லிய கோடாகத் தெரியும்வரை வலக் கண்ணாடியை வெளியே திருப்புங்கள். பிறகு தலையை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து இடக் கண்ணாடியையும் அப்படியே வையுங்கள். நேராக நிமிர்ந்து உட்கார்ந்தால் நம் கார் இரண்டிலும் தெரியாது. நம்மை முந்தும் வண்டி உள்கண்ணாடியை விட்டு நழுவும்போது பக்கக் கண்ணாடிக்குள் வரும். அதையும் விட்டு நழுவும்போது கடைக்கண்ணில் நேராகவே தெரியும். பின்னால் வருபவரின் விளக்கொளி பக்கக் கண்ணாடி வழியாகக் கண்ணில் அடிப்பதும் பெருமளவு குறையும்.

இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதை நம் ஊரில் அப்படியே கடைப்பிடிக்கச் சொல்ல மாட்டேன். அமெரிக்க விதிப்படி ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சமதளமாக இருக்க வேண்டும். அதில் தெரியும் அகலம் குறைவு, ஆகவே நன்றாக வெளியே திருப்பினால்தான் பயன். நம் கார்களிலோ இரண்டு பக்கமும் குவி ஆடிகள். ஏற்கெனவே அகலமாகக் காட்டுபவை. மேலும் நம் சிக்னல்களில் பைக்குகள் பின்கதவிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் வந்து நிற்கின்றன. முழுக்க வெளியே திருப்பிவிட்டால் காரை ஒட்டிய அந்தக் குறுகிய பட்டை காணாமல் போகிறது. ஆகவே வலக் கண்ணாடி முழு அகலத்தில் இருக்கட்டும். இடக் கண்ணாடியில் பின்கதவின் கைப்பிடி விளிம்போடு ஒட்டித் தெரிந்தால் போதும். நான்கு வழிச் சாலையில் நெடுந்தூரம் போகும்போது அதையும் சற்று வெளியே தள்ளிக்கொள்ளலாம்.

இப்படி இடத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றால், இருக்கையிலிருந்தே இடக் கண்ணாடியைத் திருப்பும் வசதி தேவை. கார் வாங்கும்போது மோட்டாரால் திருப்பும் வசதியா, மோட்டாரால் மடக்கும் வசதியா என்ற நிலை வந்தால் தயங்காமல் முதலாவதை எடுங்கள். மடக்குவதைக் கையாலும் செய்யலாம். எட்டாத கண்ணாடியை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கையால் சரிசெய்ய முடியாது.

ஒட்டு வட்டக் கண்ணாடி

குவி ஆடி அகலமாகக் காட்டும். அதற்கு விலையாக வண்டிகளைச் சிறிதாக்கிவிடும். சிறிதாகத் தெரிவது தூரத்தில் இருப்பதாக மனம் கணக்குப் போடுகிறது. கண்ணாடியில் தெரிவதைவிட வண்டிகள் அருகில் இருக்கின்றன என்ற எச்சரிக்கை வாசகம் அச்சிடப்படுவது இதற்காகத்தான். உள்கண்ணாடி சமதளம் என்பதால் அது காட்டும் தூரமே நம்பத்தக்கது. தடம் மாறும் முன் பக்கக் கண்ணாடியில் வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு அருகில் என்பதை உள்கண்ணாடியில் பாருங்கள்.

துணைப்பொருள் கடைகளில் விற்கும் சிறிய ஒட்டு வட்டக் கண்ணாடி இன்னும் அதிக வளைவுள்ளது. அதில் பைக் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஏதோ இருக்கிறது என்பதைத் தாண்டி எதுவும் சொல்லாது. அந்த ஒரு செய்திக்காகவே இடப்பக்கத்தில் ஒன்று ஒட்டுவதை ஆதரிக்கிறேன். வெளிப்புறக் கீழ் மூலையில் ஒட்டினால் முக்கியமான பரப்பு மறையாது. வலப்பக்கத்தில் கண்ணாடி கண்ணுக்கு அருகில் இருப்பதால் அதே அளவு ஆடியில் கூடுதல் அகலம் தெரியும். அங்கே ஒட்டுவது இடத்தை அடைப்பது மட்டுமே.

இரவில் நெம்பியா, தானாக மங்குவதா?

உள்கண்ணாடியின் அடியில் இருக்கும் சிறு நெம்பியைப் பலர் தொட்டதே இல்லை. அந்தக் கண்ணாடி ஆப்பு வடிவில் வெட்டப்பட்டது. பகலில் பின்புறத்து வெள்ளிப் பூச்சு ஒளியைத் திருப்பித் தருகிறது. நெம்பியைத் தள்ளினால் அந்த ஒளி கூரைப் பக்கம் போய்விடும். வெறும் முன்பரப்பிலிருந்து ஏறக்குறைய 4 சதவீத ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். பின்வருபவரின் ஹை பீமை அடக்க அது போதும்.

தானாக மங்கும் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே கூழ்மம் இருக்கிறது. முன்னால் எவ்வளவு இருட்டு, பின்னால் எவ்வளவு வெளிச்சம் என்று இரண்டு உணரிகள் ஒப்பிட்டு மின்சாரம் செலுத்த, கூழ்மம் கருமையாகிறது. அமெரிக்காவின் ஜென்டெக்ஸ் நிறுவனம் 1980-களிலேயே இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வசதியானதுதான். படிப்படியாக மங்குவதால், நெம்பியைத் தள்ளியபின் எல்லாமே இருண்டுபோகும் குறையும் இதில் இல்லை. ஆனாலும் இதற்காக மட்டும் மேல் வகைக்குத் தாவுவது வீண்செலவு. நெம்பியின் வேலை அதே வேலை. நம் கார்கள் பெரும்பாலானவற்றில் பக்கக் கண்ணாடிகள் மங்குவதில்லை என்பதால் கூச்சத்தின் ஒரு பாதி எப்படியும் மிஞ்சும். அந்தப் பாதிக்கு மருந்து மேலே சொன்ன அகலத் திருப்பம்தான். அதற்குக் காசு கிடையாது.

கருப்புப் படலத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்க ஜன்னல்கள் 50 சதவீதமும் ஒளியைக் கடத்த வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கருப்புப் படலம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்ததும் தெரிந்ததே. இடப்பக்கக் கண்ணாடியை நாம் முன் இடப்பக்க ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். அது கருத்திருந்தால் மழை இரவில் எத்தனை நல்ல கண்ணாடியும் பயன்படாது.

கண்ணாடியா, கேமராவா?

கண்ணாடியை அடியோடு நீக்கிக் கேமரா வைப்பதை ஜப்பான் 2016-இல் அனுமதித்தது. 2018-இல் லெக்ஸஸ் இ.எஸ். கார் அங்கே அப்படி வந்தது. அடுத்து ஆடி இ-டிரான், ஹோண்டா இ ஆகியவையும் வந்தன. இருட்டில் கேமரா பிரகாசமாகக் காட்டும். காற்றுத் தடை குறையும். ஆனால் கண்ணாடியில் தலையைச் சற்று அசைத்தால் காட்சி விரிகிறது. திரையில் எவ்வளவு அசைத்தாலும் அதே படம்தான்.

உள்கண்ணாடிக்குப் பதிலாக வரும் திரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சமதள ஆடியில் தெரியும் பிம்பத்தைக் கண் தொலைவுப் பார்வையிலேயே பார்க்கிறது. திரையைப் பார்க்கக் கண் அருகுப் பார்வைக்கு மாற வேண்டும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்த மாற்றம் கடினம். படிக்கும் கண்ணாடி போடாமல் படம் கலங்கலாகவே தெரியும். வீட்டில் ஐம்பது கடந்தவர் ஓட்டும் கார் என்றால் இந்தத் திரையைக் கடையில் பார்த்து முடிவெடுக்காமல், அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது மூட்டை முடிச்சுகள் பின் கண்ணாடியை அடைத்துவிட்டால் மட்டும் திரைக்கு மறுக்க முடியாத வெற்றி.

கண்ணாடியை விட்டுவைத்து, கூடவே கேமராவும் தருவதுதான் நமக்கு ஏற்றது. 2020-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டியில் இடக் கண்ணாடிக்கு அடியில் கேமரா இருக்கிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் அந்தப் பக்கம் திரையில் விரியும். கியா செல்டோஸின் உயர் வகைகளில் இரு பக்கமும் வேகமானிப் பகுதியிலேயே தெரிகிறது. இந்தப் பட்டியலில் நான் மனமாரப் பணம் கொடுக்கும் மின்னணு வசதி இது ஒன்றே. இடப்பக்கத்தைக் கூடுதலாகக் காட்டுகிறது; இண்டிகேட்டர் போட்டால்தான் படம் வரும் என்பதால் போடும் பழக்கத்தையும் வளர்க்கிறது. லென்ஸில் சேறு படியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மழையும் துடைப்பதும்

மழைக்காகக் கண்ணாடிமேல் ஒட்டும் மெல்லிய படலத்தை நான் விரும்புவதில்லை. முதல் சில வாரங்கள் துளி நிற்காது. பிறகு தூசி பிடித்து மங்கும், ஓரத்தில் குமிழி எழும், இரவில் விளக்குகள் சிதறித் தெரியும். வெப்பமூட்டும் கம்பி கொண்ட கண்ணாடி இருந்தால் வேறெதுவும் வேண்டாம். பல கார்களில் பின் கண்ணாடிப் பனிநீக்கும் பொத்தானோடு அது சேர்ந்தே இயங்கும். வசதி இருப்பது தெரியாமலேயே ஓட்டுபவர்கள் உண்டு, உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள். இல்லாதவர்களுக்கு நீர் விலக்கும் திரவம் படலத்தைவிட நல்லது. பல நேரங்களில் துளிகள் நிற்பது கண்ணாடியில் அல்ல, கதவு ஜன்னலில். ஜன்னலை ஒருமுறை இறக்கி ஏற்றினால் ரப்பர் விளிம்பே துடைத்துவிடும்.

உலர்ந்த தூசியை அப்படியே தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர், பிறகு மென்துணி. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக் கறைக்குத் தண்ணீர் கலந்த வினிகர் போதும்; பாத்திரம் தேய்க்கும் நாரைத் தொடவே வேண்டாம். தானாக மங்கும் கண்ணாடியில் திரவத்தை நேராகத் தெளித்தால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும், துணியில் தெளித்துத் துடையுங்கள். தன் பிம்பத்தை எதிரியென்று நினைத்துத் தவிட்டுக்குருவி கொத்தும் வீடுகளில், நிறுத்தும்போது கண்ணாடியை மடக்குங்கள் அல்லது துணிப்பை மாட்டுங்கள். மோட்டாரால் மடங்கும் கண்ணாடியைக் கையால் பலமாகத் தள்ளக் கூடாது. அப்படித் தள்ளி உள்ளே பல்சக்கரம் நழுவி ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால், பொத்தானை அழுத்தி ஓரிரு முறை மடக்கி விரித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

உடைந்தால்

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. மூன்று வழிகள் உண்டு. கூடு, மோட்டார், கேமரா எல்லாம் சேர்ந்த முழுப் பாகம்: விலை ஆயிரக்கணக்கில் போகும். கூடு நன்றாக இருந்தால் இது தேவையே இல்லை. இரண்டாவது, முதுகுத் தட்டோடு வரும் நிறுவனக் கண்ணாடி மட்டும். பழையதைப் பிடுங்கி இதைக் கொக்கியில் அழுத்திப் பொருத்திவிடலாம், வெப்பக் கம்பி இருந்தால் அதன் இணைப்பையும் மாற்ற வேண்டும். மூன்றாவது, சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் வடிவத்துக்கு வெட்டி ஒட்டித் தரும் கண்ணாடி. சில நூறு ரூபாயில், காத்திருக்கும்போதே முடிந்துவிடும்.

நான் சொல்வது இரண்டாவதைத்தான். வெட்டி ஒட்டும் கண்ணாடி பல நேரங்களில் சமதளமாக இருந்துவிடுகிறது. வடிவம் கச்சிதமாகப் பொருந்தும், பளபளப்பாகவும் இருக்கும்; ஆனால் இடப்பக்கத்தில் தெரிய வேண்டிய அகலம் பெருமளவு காணாமல் போயிருக்கும். வலப்பக்கம் குவியாகவும் இடப்பக்கம் சமதளமாகவும் இருந்தால் ஒரே தூரத்தில் வரும் இரண்டு பைக்குகள் வெவ்வேறு அளவில் தெரிந்து கணக்கைக் குழப்பும். அவசரத்துக்கு அதைத்தான் போட வேண்டியிருந்தால், ஒட்டும் முன் கடையிலேயே நேரான இரும்பு அளவுகோல் ஒன்றைக் கண்ணாடியின் குறுக்கே வைத்துப் பாருங்கள். குவி ஆடி என்றால் அளவுகோல் நடுவில் மட்டும் தொட்டு இரு முனையிலும் ஆடும். அசையாமல் முழுக்கப் படிந்து உட்கார்ந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம், வேறு எடுக்கச் சொல்லுங்கள்.