சிங்க்திங் எப்போதும் ஓட வேண்டுமா: டிமக்ஸ், சிஸ்டம்டி, டாக்கர் மூன்றில் எது?

உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் கணினிகளில், பல கருவிகளில் உள்ள கோப்புகளை ஒரேபோல் வைத்திருக்கும் சிங்க்திங் நிரலை நிறுவுவது ஒரு வரி வேலை, நிரல்களை நிறுவித்தரும் ஆப்ட் பார்த்துக்கொள்ளும். டெர்மினலில் பெயரை அடித்தால் ஓடத் தொடங்கிவிடும், பிரவுசரில் 8384 போர்ட்டில் அதன் பக்கமும் திறக்கும். ஆனால் டெர்மினலை மூடினால் சிங்க்திங்கும் நின்றுவிடும். கோப்புகளை ஒத்திசைக்கும் நிரல் நாம் பார்க்காதபோதும் ஓடினால்தானே பிரயோஜனம்?

பலர் முதலில் போவது டெர்மினலைப் பின்னணியில் உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்கு. டெர்மினலை மூடினாலும், தொலைவிலிருந்து நுழைந்த எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தாலும் உள்ளே ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும், திரும்ப வந்து எட்டியும் பார்க்கலாம். ஒரு மாலை சோதித்துப் பார்க்க இதுவே போதும். கணினியை ரீபூட் செய்தால் எல்லாம் போச்சு. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ரீபூட் வரி ஒன்று சேர்த்தால் அது சரியாகும், ஆனால் நடுவில் நிரல் விழுந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது.

சொந்தக் கணினிக்கு என் ஓட்டு, லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத்தான், அதிலும் உங்கள் கணக்கின் கீழ் ஓடும் பயனர் சேவையாக. எதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் கோப்பு சிங்க்திங் தொகுப்போடு வந்துவிடுகிறது, நாம் எழுத வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: 'ஸ்டார்ட்' என்றால் இப்போது ஓடும், அடுத்த ரீபூட்டில் தானாக வராது; 'எனேபிள்' என்றால் அடுத்த முறை தானாக வரும், இப்போது ஓடாது. எனேபிளோடு 'நவ்' சேர்த்தால் இரண்டும் நடக்கும். நிர்வாகி உரிமை தரும் சூடோ போடாதீர்கள், இது உங்கள் கணக்கின் சேவை. அப்புறம், பயனர் சேவை நீங்கள் லாகின் செய்யும்போது தொடங்கி, லாக்அவுட் ஆனதும் நின்றுவிடும். திரை இல்லாத பெட்டியில் வைத்திருந்தால் லாகின்சிடிஎல் கட்டளை வழியாக, லாகின் இல்லாமலே சேவையை ஓடவிடும் 'லிங்கர்' வசதியைக் கட்டாயம் இயக்குங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு நீங்கள் உள்ளே நுழையும்வரை எதுவும் ஒத்திசையாது. நிரல் விழுந்தால் சிஸ்டம்டியே எழுப்பிவிடும், ஏன் விழுந்தது என்பதை பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் படிக்கலாம். டிமக்ஸில் இந்த இரண்டுமே தானாகக் கிடைக்காது.

நிரல்களைக் 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் புதிய பதிப்புக்கு மாறுவது சுலபம். டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளில் இருப்பது பெரும்பாலும் பழைய பதிப்பு. ஆனால் கன்டெய்னரின் பயனர் எண் உங்கள் எண்ணோடு பொருந்தாவிட்டால் உங்கள் ஃபோல்டரிலேயே அதனால் எழுத முடியாது. கன்டெய்னருக்கு டாக்கர் தரும் வழக்கமான தனி உள் நெட்வொர்க்கான பிரிட்ஜில், ஒரே வீட்டிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று தானாகக் கண்டுபிடிப்பதும் தடைபடும். எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. நேரடியாக நிறுவினால் 8384 அந்தக் கணினிக்குள் மட்டுமே திறந்திருக்கும். டாக்கரில் போர்ட் எண்ணை மட்டும் கொடுத்து வெளியிட்டால் எல்லா முகவரியிலும் திறந்துவிடும், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் நீங்கள் போட்ட தடையும் அதைத் தடுக்காது, ஏனென்றால் டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் நெட்வொர்க் வடிகட்டி) விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. புதிதாக நிறுவிய சிங்க்திங் பக்கத்துக்குக் கடவுச்சொல்லும் இருக்காது.

ஏற்கெனவே பத்து கன்டெய்னர் ஓடும் வீட்டு சர்வர் என்றால் சரி, டாக்கரிலேயே வையுங்கள். 8384 போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும் முகவரி) சேர்த்து, மறுதொடக்கக் கொள்கையை 'அன்லெஸ் ஸ்டாப்டு' (நீங்களே நிறுத்தாதவரை மீண்டும் எழுப்பு) என்று வைத்து, கடவுச்சொல் போட்ட பிறகே ஃபோல்டர்களைச் சேருங்கள்.