பிள்ளைகளோடு தூண்டில் போட முட்டுக்காடு
சென்னையிலிருந்து விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மீன் பிடித்துவிட்டுத் திரும்பலாம், அதனாலேயே முட்டுக்காடு கழிமுகத்துக்குத்தான் என் ஓட்டு. பாலத்தில் நின்று வீசுகிறவர்கள் உண்டு. வண்டிகள் உரசிப் போகும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்தவே கூடாது. கீழே மணல்கரை போதும், ஆனால் கடலோடு சேரும் முகத்துவாரம் பக்கம் வேண்டாம், நீரோட்டம் இழுக்கும்.

இரை? கொடுவா மீன்தான் வேண்டுமென்றால் உயிர் இறால், வால் பக்கம் மேலாகக் கோத்தால் வெகுநேரம் துடிக்கும். பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு, மைதாவை இறுக்கமாகப் பிசைந்து சின்னதாக உருட்டி, சிறிய தூண்டில் முள்ளில் வைத்து, தக்கை கட்டிக் கொடுங்கள், மடவை மீன் கொத்தும்போது தக்கை துள்ளுவதைப் பார்த்தே கூச்சல் போடுவார்கள். நீர் ஏறத் தொடங்கும் நேரம் நல்லது. அப்புறம், மணலில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.